குழந்தைக்கு வாய்தா உண்டா?

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் சிநேகிதர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய மூத்த குமாரிக்குத் தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கூடத்து மேஜையின்மேல் மூன்று ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் வரிசையாகப் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. மூன்றாம் மாதத்தில் எடுத்தது, பிரசவம் டிசம்பர் 10-ம் தேதி என்றது. ஐந்தாம் மாதத்தில் எடுத்தது, டிசம்பர் 13 என்றது. அன்று காலையில் எடுத்து வந்ததோ, டிசம்பர் 31 என்று சொல்லிற்று. ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மாள், பேத்தி கடைசியாக வீட்டுக்கு விலக்கான நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, விரல் விட்டு எண்ணி, "டிசம்பர் எட்டு" என்று எப்போதோ தீர்ப்புக் கூறியிருந்தார்.

"நல்ல வேளை, ஸார்! மூன்று வாரம் அவகாசம் கிடைத்துவிட்டது. நாளைக்கு டாக்டரம்மாளிடம் போவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்" என்றார் சிநேகிதர்.

"குழந்தை என்ன, கோர்ட்டு வழக்கா? வாய்தா வாங்கிக்கொண்டே போவதற்கு!" என்றார் பாட்டியம்மாள்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த வேடிக்கை வார்த்தையில் ஓர் உயிரைக் காக்கும் உண்மை அடங்கியிருந்தது. அது பின்னால்தான் நமக்கு விளங்கிற்று.

முதலில் பாட்டியம்மாளின் கணக்கைப் பார்ப்போம். கர்ப்பவதியான பெண்ணை "முழுகாமல் இருக்கிறாள்" என்று நம்மவர் சொல்வது வழக்கம். ஆகவே கணக்கு கடைசியாக முழுகிய மாதத்திலிருந்துதான் தொடங்குகிறது. மேனாட்டு வைத்திய சாஸ்திரமும் இதே வழியில்தான் போகிறது. ஜெர்மனி தேசத்தில் ஹைடல்பர்க் நகரத்துப் பேராசிரியராக இருந்த நேகெலே என்பவர், 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு விதியைப் பிரபலப்படுத்தினார். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்ட வேண்டும் என்பது அந்த விதி. ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. இது 280 நாள். அதாவது 40 வாரம். இருபத்தெட்டு நாளை ஒரு மாதமாக வைத்தால் சரியாகப் பத்து மாதம். "பத்து மாதம் சுமந்து பெற்றேன்" என்று நம் தாய்மார் சொல்வது மிகையான பேச்சல்ல என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா?

ஆனால் இந்த விதியில் இரண்டு குறைகள் உண்டு. எல்லாப் பெண்களுக்கும் 28 நாளுக்கு ஒரு முறை மாதவிலக்கு வருவதில்லை. முப்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை வருகிறவளுக்குக் கரு உண்டாவது ஏறக்குறைய ஒரு வாரம் தாமதப்படும். இரண்டாவது, நாளைச் சரியாக நினைவில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? இந்தக் குறைகளை நிவர்த்தி செய்யவே ஸ்கேன் யந்திரம் வந்தது.

அது பிறந்த கதையும் சுவையானது. இரும்புத் தகட்டின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஒலியலையை அனுப்பிச் சோதிக்கும் கருவி தொழிற்சாலைகளில் இருந்தது. ஸ்காட்லாந்தில் க்ளாஸ்கோ சர்வகலாசாலையின் பிரசவ வைத்தியப் பேராசிரியர் இயான் டொனால்டு, 1955-ல், அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்கே போய் அந்தக் கருவியால் சோதித்துப் பார்த்தார். டாம் பிரௌன் என்ற இஞ்சினீயரும் ஜான் மக்விகர் என்ற டாக்டரும் அவரோடு சேர்ந்து உழைத்தனர். 1958-ல் மூவரும் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். 1973-ல் அதே க்ளாஸ்கோவில் ஹ்யூ ராபின்ஸன் என்ற டாக்டர், முதல் மூன்று மாதத்தில் சிசுவின் நீளத்தை அளந்து அதன் வயதைச் சொல்லும் முறையை வகுத்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். யந்திரம் அளப்பது நீளத்தையே அன்றி வயதை அல்ல. நமது செவிக்கு எட்டாத ஒலியலை, தசையினூடே விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் சென்று எதிரொலித்துத் திரும்புகிறது. திரும்ப எடுத்துக்கொண்ட காலத்திலிருந்து தூரம் தெரிகிறது. "இவ்வளவு நீளமுள்ள சிசுவுக்குச் சாதாரணமாக இத்தனை நாள்" என்று ஓர் அட்டவணை யந்திரத்துக்குள் இருக்கிறது. தேதியைச் சொல்வது அந்த அட்டவணைதான்.

பள்ளிக்கூட உபாத்தியாயர்களாகிய நமக்கு இது எளிதில் விளங்கும். அரிச்சுவடி படிக்கும் குழந்தைகளை வரிசையாக நிறுத்தினால் உயரத்தில் அதிக வித்தியாசம் இராது. பத்தாம் வகுப்புப் பையன்களை நிறுத்திப் பாருங்கள்! ஒருவன் பனைமரம், அவன் பக்கத்திலே அதே வயதுடைய மற்றொருவன் ஈச்சஞ்செடி. உயரத்தைக் கொண்டு வயதைச் சொல்வது முதல் வரிசையில் பலிக்கும், இரண்டாவதில் பலிக்காது.

கருவிலும் இதே கதைதான். 14-வது வாரம் நிறைவதற்குள் தலையுச்சியிலிருந்து பிட்டம் வரையில் அளந்து சொல்லும் வயதில் பிழை ஐந்து முதல் ஏழு நாளுக்குள் அடங்கும். ஐந்தாம் மாதத்தில் தலை, வயிறு, தொடையெலும்பு ஆகியவற்றை அளந்து சொல்வதில் பத்து நாள் வரை பிழை நேரலாம். 28 வாரத்துக்கு மேலோ, மூன்று வாரம் கூட முன்பின்னாகலாம். ஆகையால்தான், முதல் ஸ்கேன் மாதவிலக்குக் கணக்கோடு ஏறக்குறைய ஒத்திருந்தால் பழைய தேதியையே வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் மாறுபட்டால் முதல் ஸ்கேனின் தேதியை ஏற்க வேண்டும், அதன் பிறகு எந்த ஸ்கேன் வந்தாலும் தேதியை மாற்றக் கூடாது என்று வைத்திய நிபுணர்கள் விதித்திருக்கிறார்கள்.

"அப்படியானால் பிந்திய ஸ்கேன்கள் வீண்தானா?" என்று நேயர்கள் கேட்கலாம். வீணல்ல, அவை வேறு கேள்விக்கு விடை தருகின்றன. வயது முன்பே நிச்சயமாகிவிட்டது. அந்த வயதுக்குத் தக்க வளர்ச்சி இருக்கிறதா என்பதே இப்போது கேள்வி. அளவு குறைந்திருந்தால் நாள் தள்ளிப்போய்விட்டது என்று அர்த்தமல்ல. குழந்தை பின்தங்கியிருக்கலாம் என்று அர்த்தம். தேதியை மாற்றி எழுதினால், பட்டினி கிடக்கும் சிசுவை "வயது குறைந்த சிசு" என்று சொல்லி மறைத்ததாகும்.

சிநேகிதர் வீட்டில் நேர்ந்ததும் அதுவே. பாட்டியம்மாளின் பிடிவாதத்தால் மறுநாளே டாக்டரம்மாளிடம் போனார்கள். அவர் மூன்று தேதிகளையும் அடித்துவிட்டு, "டிசம்பர் 8" என்று எழுதினாராம்! முதல் ஸ்கேன் பாட்டியம்மாளின் கணக்குக்கு இரண்டே நாள் வித்தியாசத்தில் சாட்சி சொல்லியிருந்ததல்லவா? பிறகு தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தைச் சோதித்தார். ஓட்டம் குறைவாக இருந்தது. அடிக்கடி வரவழைத்துக் கவனித்து, 37 வாரம் நிறைந்ததும் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்தார். கார்த்திகை பிறந்த வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. எடை இரண்டு கிலோ நூறு கிராம். தாயும் சேயும் சுகம்.

எடை என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. ஸ்கேன் சொல்லும் எடையும் உத்தேசம்தான். நூற்றுக்குப் பதினைந்து வரை கூடலாம், குறையலாம். மூன்று கிலோ என்று எழுதியிருந்தால், குழந்தை 2,550 கிராமாகவும் இருக்கலாம்; 3,450 கிராமாகவும் இருக்கலாம். இந்த ஓர் எண்ணைக் கண்டு பயப்படவும் வேண்டாம், கர்வப்படவும் வேண்டாம்.

நட்சத்திரம் பார்த்து ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. அவசியமில்லாமல் 39 வாரத்துக்கு முன் ஆபரேஷன் செய்து எடுக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் நேர்வது அதிகம். கடைசி மாதத்து ஸ்கேனை மட்டும் நம்பி 38 வாரம் என்று நினைத்தது, உண்மையில் 35 வாரமாக இருக்கக்கூடும். நல்ல நட்சத்திரத்தில் பிறந்த குழந்தை கண்ணாடிப் பெட்டியில் கிடப்பதில் என்ன நன்மை?

இன்னொன்றும் நாம் பெருமையோடு குறிப்பிட வேண்டும். யந்திரங்களில் உள்ள அட்டவணைகள் பெரும்பாலும் மேனாட்டுத் தாய்மாரின் அளவுகளிலிருந்து உண்டானவை. நம் நாட்டுச் சிசுக்களை நம் நாட்டு அளவுகோலால் அளக்க வேண்டாமா? ஹரியானாவில் குருகிராம் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்த தாய்மாரின் அளவுகளைக் கொண்டு, சென்னை ஐ.ஐ.டி.யும் பரீதாபாத் நகரத்து ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 'கர்ப்பிணி' என்ற பெயரால் ஒரு புதிய கணக்கு முறையை உருவாக்கி, 2024-ல் வெளியிட்டன. பிந்திய மாதங்களில் இது பழைய சூத்திரத்தைவிடப் பிழையைப் பெரிதும் குறைப்பதாக அவர்கள் கண்டிருக்கிறார்கள். நாட்டின் பல பாகங்களிலும் சோதித்துத் தேறினால், நாள் தெரியாமல் பிந்தி வரும் ஏழைத் தாய்மாருக்கு இது பேருதவியாகும்.

எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான். அமெரிக்காவில், கரு முட்டை வெளிப்பட்ட நாளையே நிச்சயமாகத் தெரிந்துகொண்டு 125 கர்ப்பங்களை ஆராய்ந்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். குறைப்பிரசவங்களை ஒதுக்கிய பிறகும், மிகக் குறைந்த காலத்துக்கும் மிக நீண்ட காலத்துக்கும் 37 நாள் வித்தியாசம் இருந்தது! ஆகவே பிரசவத் தேதி என்பது கல்யாணப் பத்திரிகையில் அச்சிட்ட முகூர்த்தமல்ல; ஒரு பருவத்தின் நடுப்புள்ளி. ஆனாலும் அந்தப் புள்ளி சரியாக இருந்தால்தான் குழந்தை முந்துகிறதா, பிந்துகிறதா, மெலிகிறதா என்று டாக்டர் அறிய முடியும்.

எனவே, மாதவிலக்கான நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் நிறைவதற்குள் முதல் ஸ்கேன் எடுத்து, அந்த ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிந்திய ரிப்போர்ட்டில் தேதி மாறியிருந்தால், அவகாசம் கிடைத்ததென்று மகிழாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

குழந்தைக்கு வாய்தா கிடையாது.