காசிக்குப் போகும் தாத்தா, பாட்டி: கழிப்பறை எங்கே என்று முதலில் கேளுங்க!

சென்டிரல் ரெயில் நிலையத்துக்கு ஒரு சாயங்கால நேரத்தில் போய்ப் பாருங்கள். ஒரே நிறத்தில் தொப்பி. ஒரே நிறத்தில் தோள் பை. கழுத்தில் தொங்கும் அட்டை. அத்தனை பேருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. "இங்கே நில்லுங்கம்மா! அங்கே போகாதீங்கய்யா!" என்று ஒரு வாலிபர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு இருப்பார்.

காசி கோஷ்டி!

மகன் வழியனுப்ப வந்திருப்பார். பேரன் தாத்தாவின் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருவான். மருமகள் புளியோதரைப் பொட்டலத்தைக் கையில் திணிப்பார். ரெயில் நகர்ந்ததும் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். கூடத்தான் ஆள் போகிறதே, சாப்பாடு போடுகிறார்கள், ரூம் தருகிறார்கள், இனி என்ன கவலை?

என் அத்தையையும் நாங்கள் அப்படித்தான் அனுப்பி வைத்தோம்.

10 நாளில் 16 ஊர்!

அத்தைக்கு புரசைவாக்கம். 2018-ம் ஆண்டு ஜனவரி மாதம் அது. அத்தைக்கு அப்போது வயது 66. மாமா காலமாகி இரண்டு வருஷம். "காசியைப் பார்த்துட்டு, கயாவில் அட்சய வடத்தடியில் ஒரு காயை விட்டுட்டு வந்துடறேன்டா" என்றார். அங்கே போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த காய் ஒன்று, கனி ஒன்று என்று கைவிட்டு வருவது வழக்கம். விட்டதை அப்புறம் ஆயுசுக்கும் தொடக்கூடாது. அத்தை விட நினைத்தது கத்தரிக்காய். அதில் அத்தைக்கு உயிர்!

ஒரு டூர்காரரின் நோட்டீசு கையில் கிடைத்தது. பெயர் வேண்டாம். "10 நாளில் 16 ஊர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். பரவாயில்லையே, கொடுக்கிற காசுக்கு நிறைய ஊர் வருகிறதே என்று சந்தோஷப்பட்டுப் பணத்தைக் கட்டினோம். புத்திசாலி என்று நினைத்துக்கொண்டோம்!

மொத்தம் 48 பேர். அவர்களுக்கு ஒரு மானேஜர், ஒரு சமையல்காரர், ஒரு எடுபிடிப் பையன்.

அத்தைக்குக் கிடைத்தது மேல் படுக்கை.

காசிக்கு ரெயிலில் 2 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். வழியில் இரண்டு இரவு. முழங்கால் வலிக்காரி எத்தனை முறை மேலே ஏறி இறங்குவார்? அத்தை ஒரு யோசனை செய்தார். தண்ணீர் குடித்தால்தானே பாத்ரூம் போக வேண்டும்? குடிக்காவிட்டால்?

ஒரு பகல், ஒரு ராத்திரிக்குச் சேர்த்து ஒரு டம்ளர் தண்ணீர். ரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிட்ட மாத்திரையோ சிறுநீரை அதிகம் பிரிக்கிற ரகம். நாக்பூரைத் தாண்டியதும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. நடைபாதையிலேயே சரிந்து விழுந்துவிட்டார்.

இட்டார்சியில் டாக்டர் ஏறினார். ஊசி போட்டார். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்தார். "எத்தனை மணி நேரமாக இவர் தண்ணீர் குடிக்கவில்லை?" என்று கேட்டார். மானேஜருக்குத் தெரியவில்லை. 48 பேரில் யார் குடித்தார், யார் குடிக்கவில்லை என்று அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும், பாவம்!

இது அத்தையின் கதை மட்டும் அல்ல. உங்கள் வீட்டு அம்மாவையோ பெரியம்மாவையோ கேட்டுப் பாருங்கள். வெளியூர்ப் பயணம் என்றால் முதல் நாளே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். பஸ்சில் "கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்ல வெட்கம். சொன்னாலும் டிரைவர் ஒரு மரத்தடியைக் காட்டுவார். ஆம்பிளைக்குச் சரி, பொம்பிளைக்கு?

வயதானவர்களின் டூர் சுகமா, சித்திரவதையா என்பது இந்த ஒரு விஷயத்தில் பாதி தீர்ந்துவிடும்.

பஸ்சிலேயே உட்கார்ந்திருந்தார்

பிழைத்து எழுந்தார். காசி போய்ச் சேர்ந்தார். ஜனவரி மாதம் வடக்கே பனிமூட்டக் காலம். ரெயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அன்றும் தாமதம். 16 ஊர்க் கணக்கு உதைத்தது. எதைக் குறைப்பது? தூக்கத்தைக் குறைத்தார்கள்! லாட்ஜில் மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. விடிகாலை 4 மணிக்குக் கதவைத் தட்டினார்கள்.

காசியிலிருந்து கயா ஏறத்தாழ 250 கிலோமீட்டர். அங்கே கொடுத்தது முக்கால் மணி நேரம். அத்தையின் முழங்கால் வீங்கிக் கிடந்தது. "நீங்க பஸ்சிலேயே இருங்கம்மா, நாங்க சீக்கிரம் வந்துடறோம்" என்றார் மானேஜர்.

எதற்காக அத்தனை தூரம் போனாரோ, அதைச் செய்யாமலே திரும்பினார்.

வந்த பிறகு ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்: "இன்னும் கத்தரிக்காய் தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன் பாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கீழ் படுக்கை மர்மம்

அத்தைக்கு ஏன் மேல் படுக்கை விழுந்தது? பின்னால் விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

ரெயிலில் மூத்தவர்களுக்குக் கீழ் படுக்கைக்கு என்றே தனி ஒதுக்கீடு உண்டு. ஆண் என்றால் 60 வயது, பெண் என்றால் 45 வயது நிறைந்திருக்க வேண்டும். சாதாரண படுக்கைப் பெட்டி ஒன்றில் 6 அல்லது 7 கீழ் படுக்கைகளை இதற்காக ஒதுக்குகிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு டிக்கெட்டில் ஒருவர், மிஞ்சினால் இருவர்தான் இருக்கலாம். அந்த இருவரும் இந்த வயதுக் கணக்குக்குள் வர வேண்டும்.

டூர்காரர் என்ன செய்கிறார்? வேலை சுலபம் என்று ஒரே பாரத்தில் ஆறு பேரை எழுதிக் கொடுக்கிறார். போச்சு! அந்த ஒதுக்கீடு அவர்களுக்குக் கிடையாது. எது வருகிறதோ அதுதான். அறுபத்தாறு வயது அத்தை மேலே ஏறுவார். எதிரே இருபது வயதுப் பையன் கீழே காலை நீட்டிப் படுத்துக்கொண்டு செல்போன் பார்ப்பான்.

முன்பணம் கட்டும்போதே "இரண்டு இரண்டு பேராக டிக்கெட் போடுவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். முழிக்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். 2024 நவம்பர் 1-ந் தேதி முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. அதற்கு முன்பு 120 நாளாக இருந்தது. ஆகவே முதல் நாளே டிக்கெட் எடுக்கிற ஆசாமியாக இருக்க வேண்டும். அப்படியும் மேல் படுக்கை விழுந்துவிட்டால், ரெயில் கிளம்பியதும் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள். கீழ் படுக்கை காலியாக இருந்தால் மூத்தவருக்கு மாற்றிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஓடும் ரெயிலில் உடம்புக்கு வந்துவிட்டால் 139 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

கட்டணத்தில் முன்பு ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் தள்ளுபடி இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். அதை இப்போதும் கழித்துக் கணக்குப் போடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள்.

15 மாத யாத்திரை

கோஷ்டியாகக் காசிக்குப் போவது சென்னைக்குப் புதிது அல்ல. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி என்பவர் 1830 மே மாதம் இங்கிருந்து காசிக்குக் கிளம்பினார். ஏறக்குறைய நூறு பேர் பரிவாரம். போய்த் திரும்ப 15 மாதத்துக்கு மேல் ஆயிற்று. தெலுங்கில் அவர் எழுதிய யாத்திரைக் குறிப்பு 1838-ல் புத்தகமாகவே வந்தது.

நாம் அதையே 10 நாளில் முடிக்கப் பார்க்கிறோம். கூடவே 15 ஊர் வேறு!

இரண்டாம் தடவை

2023 பிப்ரவரி. அத்தைக்கு 71 வயது. அவர் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரெயில்வே டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருக்காரர்கள் 18 பேரைத் திரட்டினார். "அத்தை, மறுபடியுமா?" என்றோம். "ஆமாண்டா, கண்ணு. கத்தரிக்காய் பாக்கி இருக்கு" என்றார்.

இந்தப் பெரியவர் செய்த ஏற்பாட்டைக் கேளுங்கள்.

ஊர்கள் மூன்றே மூன்று. பிரயாக்ராஜ், காசி, கயா. மாதம் பிப்ரவரி, பனியும் இல்லை, வடக்கே மே, ஜூனில் அடிக்கிற கொடும் வெயிலும் இல்லை. டிக்கெட் இரண்டு இரண்டு பேராக. அதற்காக அவர் எத்தனை பாரம் எழுதினார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காசியில் நாலு ராத்திரி ஒரே இடத்தில் தங்கல். முன்கூட்டியே போன் போட்டு, "கீழ்த் தளமா? மேல்நாட்டு பாணி கழிப்பறையா? வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்?" என்று குடைந்திருக்கிறார். குளியலறையில் வழுக்காத ரப்பர் விரிப்பு இல்லை என்றார்களாம். இங்கிருந்தே நாலு விரிப்பு வாங்கிக்கொண்டு போனார்!

மடக்கு நாற்காலி நாலு. கோவில் வரிசையில் யாருக்குக் கால் கடுக்கிறதோ அவருக்கு உடனே ஒன்று விரியும்.

அதே தெருவில் ஓய்வு பெற்ற நர்சம்மா ஒருவர். அவருக்கு டிக்கெட் இலவசம், மற்ற 17 பேர் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். புறப்படுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, எந்த டாக்டர் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைக்கக்கூடாது, கைப்பையில் இருக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. சர்க்கரைக்காரர்களுக்குக் காலை 8 மணிக்குள் டிபன் கட்டாயம். சாமி காத்திருக்கும், இன்சுலின் காத்திருக்காது!

முக்கியமான சேதி இனிமேல்தான். மணிக்கு ஒரு தரம் அந்த அம்மா தண்ணீர் பாட்டிலோடு வருவார். எதிரில் நின்று குடிக்க வைப்பார். பஸ்சில் போகும்போது ஒன்றரை மணிக்கு ஒரு தரம் நிறுத்தம். நிறுத்துகிற இடத்தை அவர்களே முடிவு செய்தார்கள். பெட்ரோல் பங்க் அல்லது நல்ல ஓட்டல். பெண்கள் முதலில்.

பகல் 1 மணி முதல் 4 மணி வரை யாரையும் எழுப்பக்கூடாது. ஒரு முழு நாளுக்கு நிகழ்ச்சியே வைக்கவில்லை. "அன்னிக்கு என்ன பண்ணினீங்க?" என்று கேட்டேன். "கங்கைக் கரையில் உட்கார்ந்து படகு பார்த்தோம். அதுதாண்டா காசி" என்றார் அத்தை.

கடைசி ஒரு பர்லாங்

காசியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டூர் பஸ் கோவில் வாசல் வரை போகாது. கோதவுலியா பக்கம் நெரிசல் தாங்காது. எங்கேயோ இறக்கிவிடுவார்கள். மிச்சம் நடை, இல்லாவிட்டால் ரிக்‌ஷா. இந்தக் கடைசி நடையில்தான் பெரியவர்கள் தவறிப் போகிறார்கள். 2021 டிசம்பரில் விசுவநாதர் கோவிலைச் சுற்றி அகலமான வளாகம் திறந்த பிறகு சந்து நெருக்கடி குறைந்திருக்கிறது. கங்கைப் பக்கத்திலிருந்தும் நேராக வரலாம். ஆனாலும் படித்துறைப் படிகள் செங்குத்து. 84 படித்துறைகளையும் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று சட்டம் இல்லை. படகில் உட்கார்ந்தால் போதும். தசாசுவமேத படித்துறையின் மாலை ஆரத்தியைக்கூடப் படகில் இருந்தே பார்த்துவிடலாம்.

தெருப் பெரியவர் ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார். தங்குமிடத்தின் பெயரும் தெருவும் இந்தியில். பின்புறம் ரத்த வகை, இரண்டு போன் நம்பர். சட்டைப் பையிலும் ரவிக்கையிலும் ஊக்கு குத்தி வைத்தார். கழுத்தில் தொங்கினால் குளிக்கும்போது கழற்றி வைத்துவிடுவார்களாம்!

எல்லாத் தெருவிலும் இப்படி ஒரு பெரியவர் கிடைக்க மாட்டார் என்பது தெரியும். இந்து அறநிலையத் துறை 2022-23-ல் ராமேசுவரத்தில் இருந்து காசிக்கு 200 பேருடன் இலவச யாத்திரையைத் தொடங்கியது. அதற்கு வயது 60 முதல் 70 வரை. எழுபதைத் தாண்டியவர்கள் காசு கொடுத்துப் போகிற டூர்காரரிடம்தான் வர வேண்டும். வருகிறவர்கள் நோட்டீசில் ஊர்களை எண்ணாமல் ஆட்களை எண்ணுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை உதவியாளர்? அதில் பெண் உண்டா? நடுவழியில் ஒருவர் படுத்துவிட்டால் கூட யார் இறங்குவார்? கிளம்புவதற்கு முன்பே உடம்புக்கு வந்தால் எவ்வளவு பணம் திரும்பும்? பதிலை ரசீதின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கயாவில் அந்த 18 பேரும் ஒரு பகல் முழுக்க இருந்தார்கள். அத்தை இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போனார். ஆல மரத்தடியில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, விட வேண்டியதை விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். மறந்துபோய் வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்துவிட்டார்கள். அத்தை கிண்ணத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்படியே என் இலைப் பக்கம் தள்ளிவிட்டு, "ரசம் கொண்டா" என்றார்.