கே. எம். ஆதிமூலத்தின் அரூப நிலக்காட்சிகள்

கே. எம். ஆதிமூலம் (1938 – சனவரி 15, 2008) தமிழகத்தின் குறிப்பிடத்தக்க நவீன ஓவியர்களுள் ஒருவர். கோட்டோவியங்களால் பரவலாக அறியப்பட்ட இவர், தம் பிற்காலத்தில் நிலம், நீர், வானம், ஒளி ஆகியவற்றை உருவம் கரைந்த வண்ணப் பரப்புகளாக எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். இவை அரூப நிலக்காட்சிகள் என அழைக்கப்படுகின்றன. இயற்கையின் சாயல் இவற்றில் முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. ஆகவே அரை அரூபம் என்பதே கூடுதல் பொருத்தமான சொல் எனலாம்.

பின்னணி

ஆதிமூலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்தார். சிற்பி தனபாலின் வழிகாட்டுதலில் சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்து 1966இல் பட்டயம் பெற்றார். கே. சி. எஸ். பணிக்கர் அக்கல்லூரியின் முதல்வராக இருந்த காலம் அது. இந்திய மரபில் வேர்கொண்ட நவீன ஓவியம் எது என்ற கேள்வி அங்கு தீவிரமாக எழுப்பப்பட்டது.

காந்தியின் உருவத்தைப் பல்வேறு நிலைகளில் காட்டும் கோட்டோவிய வரிசையும், மகாராஜாக்கள் வரிசையும் இவருக்குப் பெயர் பெற்றுத் தந்தன. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வெளிவந்தபோது அதற்கு இவர் வரைந்த படங்கள் பல்லாயிரம் வாசகர்களைச் சென்றடைந்தன.

கோட்டிலிருந்து வண்ணத்துக்கு

கறுப்பு வெள்ளையில் இத்தகைய தேர்ச்சி பெற்றவர் வண்ணத்துக்குச் சென்றது பலருக்கு வியப்பளித்தது. மனித உருவம் மறைந்தது. மரம், குன்று போன்றவற்றின் எல்லைக்கோடுகளும் மறைந்தன. தூரிகைக்குப் பதில் வண்ணம் குழைக்கும் தட்டைக் கத்தியைக் கொண்டு அகன்ற பட்டைகளாக வண்ணம் இழுக்கப்பட்டது. ஒரு வண்ணத்தின் மேல் மற்றொன்று படியும்போது அடியிலுள்ளது ஆங்காங்கே வெளித்தெரியும். ஈரமண், பாசி, நீரில் விழும் ஒளி ஆகியவற்றைப் பார்வையாளர் உணர்வது பெரிதும் இந்த அடுக்குகளால்தான்.

நிலமும் பொழுதும்

"இதில் என்ன வரைந்திருக்கிறது?" என்பது இவ்வகை ஓவியங்களின் முன் எழும் வழக்கமான கேள்வி. விடைகாண ஓர் எடுத்துக்காட்டு உதவும். மதுரைக்கு மேற்கே வைகைக் கரையிலுள்ள சோழவந்தானின் ஒரு வயலை எண்ணிப் பார்க்கலாம். நடவுக்கு முன் அது வானத்தைக் காட்டும் நீர்ப்பரப்பு, பின்னர் இளம்பச்சை, கதிர் முற்றியபின் பொன்னிறம், அறுவடைக்குப் பின் தாளடியின் வெளிறிய பழுப்பு. வரப்புகள் மாறுவதில்லை, மாறுவது நிறம் மட்டுமே. எனவே பருவத்தை வரைய விரும்பும் ஓவியர் வரப்பை விட்டு நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது பிழையாகாது.

பிரான்சில் குளோட் மொனே 1890–91இல் வைக்கோற்போர்களை வெவ்வேறு வேளைகளிலும் பருவங்களிலும் தீட்டியதும் இதற்கு நெருங்கிய முயற்சியே. ஆனால் மொனேயிடம் வைக்கோற்போர் எஞ்சியிருந்தது. ஆதிமூலத்திடம் அதுவும் இல்லை.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது; கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகவும் பகுக்கிறது. நிலத்தைப் பொழுதிலிருந்து பிரிக்காத இப்பார்வை, இவ்வோவியங்களை அணுகத் தமிழ் வாசகருக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு வழியாகும். எனினும் பருவத்துக்கு ஒன்றாக இவற்றை வகைப்படுத்த இயலாது. ஒரே திரையில் ஈரமும் வெயிலும் அருகருகே இருக்கக்கூடும்.

வரவேற்பு

தமிழ்ச் சூழலில் ஆதிமூலம் என்றால் இன்றும் பலருக்குக் கோடுகளே நினைவுக்கு வருகின்றன. இதற்கு அச்சுத் தொழிலும் ஒரு காரணம். சிற்றிதழ்கள் குறைந்த செலவில் கோட்டோவியத்தை அச்சிட முடிந்தது. வண்ணப் படம் அவற்றின் வசதிக்கு அப்பாற்பட்டது. வண்ண அச்சு எளிதான பின்னரும் குறை முழுதும் தீரவில்லை. கத்தியால் இழுக்கப்பட்ட வண்ணத்தின் தடிப்பும், அடுக்குகளினூடே தெரியும் ஒளியும் படத்தில் தட்டையாகிவிடுகின்றன. காட்சிக்கூடத்தில் சற்று விலகி நின்றும், பின்னர் நெருங்கிச் சென்றும் பார்க்கும்போதே அவை புலப்படும்.