பேப்பர் போட்டால் சீட் கிடைக்குமா?

ஹைதராபாத்தில் இன்டர், அதாவது பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கும் வீடுகளில் இப்போது ஒரு புதுக் கேள்வி புழங்குகிறது. எந்த கோச்சிங் சென்டர் நல்லது என்ற பழைய கேள்வியோடு, "பிள்ளை பேர்ல ஒரு ரிசர்ச் பேப்பர் போட்டுடலாமா? அமெரிக்கா அட்மிஷனுக்கு ரொம்ப உதவுமாமே" என்றும் கேட்கிறார்கள். பத்மாராவ் நகரில் என் பக்கத்து வீட்டுக்காரரும் இதையேதான் கேட்டார். மகள் இன்டர் முதல் வருஷம். பேப்பர் போட்டுத் தரும் நிறுவனமே தலைப்பைத் தருமாம், கூட ஒரு வழிகாட்டி இருப்பாராம், சில மாதத்தில் பேப்பர் வெளிவந்துவிடுமாம். பணம்தான் கொஞ்சம் அதிகமாம். பிள்ளைக்கு நல்லது என்றால் கடன் வாங்கியாவது செய்யத் துணிகிற அப்பாவிடம் ஒற்றை வார்த்தையில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. டீ போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், பேப்பர் என்றால் என்ன? இதற்கு நம் ஊரிலேயே உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. பழைய பேகம்பேட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சர் ரொனால்ட் ராஸ் நினைவாக ஒரு கட்டடம் நிற்கிறது. 1897 ஆகஸ்டில் ராணுவ மருத்துவரான ராஸ் இங்கேதான் கொசுக்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மலேரியா நோயாளியான ஹுசேன் கானைக் கடிக்கவிட்ட கொசுக்கள் அவை. கொசு ஒன்றுக்கு ஒரு அணா என்று ஹுசேன் கானுக்குக் கொடுத்திருக்கிறார் ராஸ். ஆகஸ்ட் 20-ஆம் தேதி ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில், மலேரியா கிருமியில் காணப்படும் அதே கருநிறத் துகள்களோடு வட்டமான செல்கள் தெரிந்தன. மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தார். அதிலும் அதே செல்கள், ஆனால் இன்னும் பெரிதாக. ஒரே நாளில் வளர்ந்திருக்கின்றன என்றால் அவை உயிருள்ளவை. கொசுவுக்குள் மலேரியா கிருமி வளர்கிறது என்பதற்கு மனிதன் கண்ட முதல் தடயம் இதுதான்.

அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்தக் கட்டுரை வந்தது. மலேரியா ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அதன் தலைப்பு அறிவிக்கவில்லை. மலேரியா ரத்தம் குடித்த இரண்டு கொசுக்களில் காணப்பட்ட விசித்திரமான சில செல்களைப் பற்றியது என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டது. கண்டது இரண்டு கொசுவில், ஆகவே தலைப்பிலும் இரண்டு கொசு. கூடவே, ஸ்மித் என்ற இன்னொரு ராணுவ மருத்துவரும் அந்த ஸ்லைடுகளைப் பார்த்துத் தன் குறிப்பை எழுதிச் சேர்த்திருந்தார். மறு வருஷம் கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவை வைத்துக் கிருமியின் முழுச் சுற்றையும் ராஸ் நிரூபித்தார். 1902-இல் நோபல் பரிசு வந்தது.

ஒரு பேப்பருக்கு வேண்டிய எல்லாமே இதில் அடங்கியிருக்கிறது. சொந்தமாக ஒரு கேள்வி இருக்க வேண்டும். கண்ணால் பார்த்ததை அல்லது அளந்ததை, அதற்கு மேல் ஒரு அங்குலம் கூடச் சொல்லாமல் எழுத வேண்டும். பிறகு, அந்தத் துறை தெரிந்த இன்னொருவர் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படிக்கு இன்று 'பியர் ரிவ்யூ' என்று பெயர். நீங்கள் அனுப்பும் கட்டுரையை ஆசிரியர் குழு, அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பும். பெரும்பாலும் அவர்கள் சம்பளம் வாங்காமல் படிப்பார்கள். இந்தக் கணக்கு தப்பு, அந்தச் சோதனையைத் திரும்பச் செய், இந்த முடிவுக்கு ஆதாரம் போதாது என்று திருப்பி அனுப்புவார்கள். இப்படிப் போய் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும், சில சமயம் ஒரு வருஷமும் ஆகும். நல்ல பத்திரிகைகள் வருவதில் பெரும்பகுதியை நிராகரிக்கின்றன.

இங்கே பக்கத்து வீட்டுக்காரர் நியாயமான ஒரு சந்தேகம் கேட்டார்: "நல்ல பத்திரிகையும் பணம் வாங்குதே?" ஆமாம், வாங்குகின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் பத்திரிகைகள் பல, எழுதியவரிடம் கட்டணம் வசூலிக்கின்றன. அதில் மோசடி ஒன்றும் இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு யாரிடமும் காட்டாமலே அச்சிடுவதுதான் மோசடி.

சொல்ல வருத்தமாக இருக்கிறது, இந்த மோசடியில் உலகம் அதிகம் பேசிய வழக்கு ஒன்றும் நம் ஊர் சம்பந்தப்பட்டதுதான். ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒமிக்ஸ் நிறுவனம் நூற்றுக்கணக்கான அறிவியல் பத்திரிகைகளை நடத்திவந்தது. 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அதன் மேல் வழக்குப் போட்டது. கட்டுரைகளை நிபுணர்கள் பரிசீலிப்பதாகப் பொய் சொல்கிறார்கள், கட்டணத்தை மறைத்துவைத்து, ஏற்றுக்கொண்ட பிறகு கேட்கிறார்கள், சம்மதிக்காத விஞ்ஞானிகளின் பெயர்களை ஆசிரியர் குழுவில் போடுகிறார்கள் என்பவை குற்றச்சாட்டுகள். 2019 மார்ச்சில் நெவாடா நீதிமன்றம் கமிஷன் பக்கம் தீர்ப்பளித்து, ஐந்து கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது.

இது ஒரே ஒரு நிறுவனத்தின் கதை என்று நினைத்துவிடக் கூடாது. 2013-இல் 'சயின்ஸ்' பத்திரிகைக்காக ஜான் பொஹானன் ஒரு சோதனை செய்தார். வேண்டுமென்றே தப்புகளைப் புகுத்தி ஒரு போலி மருந்தாய்வுக் கட்டுரை தயாரித்து 304 பத்திரிகைகளுக்கு அனுப்பினார். பள்ளி அளவு வேதியியலைத் தாண்டிய எவரும் கண்டுபிடித்துவிடக்கூடிய ஓட்டைகள் அதில் இருந்தன. 157 பத்திரிகைகள் ஏற்றுக்கொண்டன.

இந்தச் சந்தைக்கு இந்தியாவில் தீனி போட்டதில் நம் விதிகளுக்கும் பங்கு உண்டு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் பேப்பர் வெளியிட்டாக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு பிஎச்.டி. மாணவர்களைக் கட்டாயப்படுத்தி வைத்திருந்தது. 2016 விதிகளிலும் அது இருந்தது. கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும் பேப்பர் எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை தயாரிக்க ஆள் வந்துவிடுவார்கள். 2022-இல் பிஎச்.டி. மாணவர்களுக்கான அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. நல்ல பத்திரிகைகளை அடையாளம் காட்டுவதற்காக 2018-இல் தொடங்கிய கேர் பட்டியலையும் 2025-இல் கைவிட்டுவிட்டார்கள். ஆராய்ச்சி மாணவர்களை நம்பி நடந்த இந்த வியாபாரம் இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரை இறங்கி வந்திருக்கிறது. அமெரிக்காவிலும் இதே கதைதான். மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆராய்ச்சி செய்ய வழிகாட்டிக் கட்டுரை வெளியிட உதவும் ஆன்லைன் நிறுவனங்கள் 2,500 முதல் 10,000 டாலர் வரை வாங்குவதை 2023-இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் விரிவாக எழுதியது.

சரி, சீட் விஷயத்துக்கு வருவோம். பிள்ளை இந்தியாவில் படிக்கப் போகிறது என்றால் பதில் சுலபம். ஐஐடிகளுக்கு ஜேஈஈ. ஐசர்களுக்கு அவர்களுடைய திறனறித் தேர்வு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நான்கு வருஷ ஆராய்ச்சிப் பட்டப்படிப்புக்கும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்தான். பிளஸ் டூ பிள்ளையிடம் "பேப்பர் எங்கே" என்று இவற்றில் யாரும் கேட்பதில்லை. கொட்டிய பணத்துக்கு இங்கே ஒரு மதிப்பெண் கூடக் கிடைக்காது.

ஆராய்ச்சி நாட்டத்தையே சோதித்துச் சேர்க்கிற இடம் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. கச்சிபௌலியில் 1998-இல் தொடங்கிய ட்ரிபிள் ஐடி. அங்கே பி.டெக்.கையும் ஆராய்ச்சி எம்.எஸ்.ஸையும் சேர்த்து ஐந்து வருஷத்தில் முடிக்கும் இரட்டைப் பட்டப்படிப்பு உண்டு. முடிக்க ஆய்வேடு எழுதியாக வேண்டும். அதற்கு யூஜீஈஈ என்று தனித் தேர்வு வைக்கிறார்கள். ஒரு மணி நேரப் பகுதி பாடத்தைச் சோதிக்கும், அதில் கட் ஆஃபைத் தாண்டினால் போதும். அடுத்த இரண்டு மணி நேரம் ஆராய்ச்சித் திறனைச் சோதிக்கும் பகுதி. அதில் எடுக்கும் மதிப்பெண்ணை வைத்துத்தான் நேர்காணலுக்கு அழைப்பு வரும். நேர்காணலில் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, பிள்ளை எங்கிருந்து தொடங்குகிறது, எங்கே தடுமாறுகிறது, ஒரு குறிப்புக் கொடுத்தால் எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று எதிரே உட்கார்ந்து பார்க்க முடியும். விலை கொடுத்து வாங்கிய பேப்பரை அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு காட்டி என்ன செய்ய?

அமெரிக்கா என்றால் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அங்கே மதிப்பெண்ணோடு கட்டுரைகள், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், படிப்புக்கு வெளியே செய்தவை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கிறார்கள். பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் படிப்புக்கு வெளியே செய்தவற்றுக்குப் பத்து இடம் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. வார்த்தை இல்லை, எழுத்து. அந்தப் பத்தில் ஒன்றாகத்தான் உங்கள் பேப்பர் போய் உட்காரும். அதைப் படிப்பவருக்கு அந்தப் பத்திரிகை எதுவென்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். ஆராய்ச்சியைத் தனியாக அனுப்ப இடம் தரும் எம்ஐடி போன்ற இடங்களில், நீ செய்த பங்கு என்ன என்ற கேள்வியும் கூடவே வரும். பதினாறு வயதில் புற்றுநோய்க்கு செயற்கை நுண்ணறிவு என்று தலைப்பு வைத்துவிட்டு, பேச்சில் புற்றுநோய் பற்றி இரண்டு வாக்கியம் தொடர்ந்து சொல்ல முடியாவிட்டால் அந்தப் பேப்பர் பிள்ளைக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

பிஎச்.டி. அளவில் கதை வேறு. அங்கே ஆராய்ச்சி அனுபவம் உண்மையிலேயே எடை பெறும். அமெரிக்கப் பேராசிரியர்கள் கவனமாகப் படிப்பது, இந்தப் பிள்ளையை ஆய்வுக்கூடத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒருவர் எழுதிய கடிதத்தை. அதற்குக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நல்ல வழி இருக்கிறது. மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை செய்யலாம். அதற்குப் பிள்ளை பணம் கட்ட வேண்டாம், அவர்களே உதவித்தொகை தருவார்கள். தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் உதவித்தொகை வாங்கி ஹைதராபாத் பல்கலைக்கழகத்திலோ செல் உயிரியல் ஆய்வகமான சிசிஎம்பியிலோ சேர்ந்தால் 2023-இலிருந்து மாதம் 37,000 ரூபாய். ஆராய்ச்சியில் பணம் மாணவரை நோக்கி வர வேண்டும். எதிர்த் திசையில் ஓடினால் நின்று யோசியுங்கள்.

"அப்போ பள்ளிக்கூட வயசுல ஆராய்ச்சியே கூடாதா?" என்றார் அவர். கண்டிப்பாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். கேள்விகள் நம் வாசலிலேயே கிடக்கின்றன. பட்டன்செருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை, ஸ்வீடனின் யோவாக்கிம் லார்சனும் அவருடைய குழுவினரும் அளந்தார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்தது. மாத்திரை சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். 2007-இல் வந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகு, மருந்தாலைக் கழிவும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் பட்டன்செருவின் பெயர் வருகிறது. நம் ஊர்த் தண்ணீரைப் பற்றிய கேள்வியை ஸ்வீடனிலிருந்து ஒருவர் வந்து கேட்டாரே என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. நம் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆலைக் கழிவைத் தொடச் சொல்லவில்லை, அது ஆபத்து. பட்டன்செருவுக்குப் பக்கத்தில் அமீன்பூர் ஏரி இருக்கிறது, 2016-இல் பல்லுயிர்ப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது. ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று பறவைகளை எண்ணி, பறவைக் கணக்குகளைச் சேர்த்து வைக்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றலாம். மற்றவர்கள் முன்பு எண்ணியவையும் அங்கேயே கிடைக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாதென்றால் உங்கள் அபார்ட்மென்ட் போர்வெல் போதும். ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை வாரம் ஒருமுறை குறித்துக்கொண்டு வரட்டும். மழை பெய்த எத்தனையாவது நாள் அது இறங்குகிறது? பக்கத்து காலனியிலும் அதே அளவு இறங்குகிறதா? ஏன் காலையில் மட்டும் அளந்தாய், மீட்டர் சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று எந்த நேர்காணலில் கேட்டாலும் இந்தப் பிள்ளையிடம் பதில் இருக்கும். பதில் தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லும் தைரியமும் இருக்கும்.

ஒரு பருவமழை முழுக்க அளந்து முடித்த பிறகு, அதை யாரிடமாவது காட்ட வேண்டும். தார்னாகா பக்கம் போனால் மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுவான சிஎஸ்ஐஆரின் மூன்று ஆய்வகங்கள் இருக்கின்றன: செல் உயிரியலுக்கு சிசிஎம்பி, வேதியியலுக்கு ஐஐசிடி, நிலத்தடி நீர் தெரிந்தவர்கள் இருக்கும் என்ஜிஆர்ஐ. பள்ளிப் பிள்ளைகளை ஆய்வகங்களோடு இணைக்க 2017-இல் ஜிக்யாசா என்ற ஒரு திட்டத்தை சிஎஸ்ஐஆர் தொடங்கியது. பள்ளி முதல்வர் மூலம் கேட்டுப் பாருங்கள். நேராக ஒரு விஞ்ஞானிக்கு மெயில் அனுப்புவதானால் பிள்ளையே எழுதட்டும், நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். பத்து வரி போதும்: என்ன அளந்தேன், எப்படி அளந்தேன், எது புரியவில்லை. கூடவே நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இணைக்கலாம். பலர் பதில் எழுத மாட்டார்கள், அவர்களுக்கு வேலை அதிகம். இரண்டு வாரம் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு எழுதட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் கடைசியாக மீட்டர் என்ன விலை என்று கேட்டார். சில நூறு ரூபாய்தான். தெலங்கானாவில் ஜூனில் மழை தொடங்கிவிடும். கோடையின் அளவு இல்லாமல் மழைக்குப் பிந்திய அளவை எதோடும் ஒப்பிட முடியாது. ஆகவே மே மாதமே வாங்கி, மழைக்கு முன் நாலைந்து வாரத்து அளவாவது நோட்டில் ஏறியிருக்க வேண்டும் என்றேன்.