மாடிப் படிக்கட்டு: அதன் உறுப்புகளும் அளவும்

மெத்தை வீடு கட்டும் குடும்பத்தார் சுவர், தளம், வாசற்கால் முதலியவற்றைப் பற்றிப் பலமுறை ஆலோசிக்கின்றனர். படிக்கட்டையோ எஞ்சிய மூலையில், கொத்தனாரின் உத்தேசப்படி விட்டுவிடுவது வழக்கம். முதியோரும் குழந்தைகளும் விளக்கில்லாத வேளையிலும் ஏறியிறங்கும் இடம் அதுவே. கான்கிரீட்டில் வார்த்த படியைப் பிற்பாடு திருத்துதல் அரிது. ஆதலின் சங்கத்தில் கடன் பெற்று வீடு கட்டும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதன் கணக்கை அறிந்திருத்தல் அவசியம்.

படிக்குக் கால் வைக்கும் மிதி ஒன்றும், செங்குத்தான முகம் ஒன்றும் உண்டு. மிதியின் முன் விளிம்பிற்கு மூக்கு என்று பெயர். ஒரு மூக்கிலிருந்து அடுத்த மூக்கு வரை கிடையாக அளப்பது மிதியின் அகலம். ஒரு மிதியிலிருந்து அடுத்த மிதி வரை நேராக அளப்பது படியின் உயரம். படிகளைத் தாங்குவது அடியிலுள்ள சாய்தளம். நடுவே நின்று திரும்புவதற்குரியது இடைமேடை. திறந்த பக்கத்தில் விழாமல் காப்பது கைப்பிடிச் சுவர் அல்லது கிராதி.

1675-ஆம் ஆண்டு முதல் வெளியான தமது சிற்ப நூலில், பிரான்சு தேசத்துப் பிளாண்டேல் என்பார், படி உயரத்தின் இருமடங்கோடு மிதியின் அகலத்தைக் கூட்டினால் மனிதனின் ஓர் எட்டுக்குச் சமமாக வேண்டும் என விதித்தார். நம் அளவில் அது ஏறத்தாழ 24 முதல் 25 அங்குலம். 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, குடியிருப்பு வீடுகளில் படி உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேற்படாமலும், மிதி 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் இருக்கச் சொல்கிறது.

கீழ்த்தரையிலிருந்து மாடித்தரை வரை 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம் எனக் கொள்வோம். ஏழு அங்குல உயரம் வைத்தால் 18 ஏற்றங்கள் ஆகும். மிதி 10 அங்குலமானால், இருமடங்கு உயரமாகிய 14-உம் 10-உம் சேர்ந்து 24 ஆகின்றது, கணக்குப் பொருந்திற்று. இடைமேடையில் திரும்பும் படிக்கட்டானால் பக்கத்திற்கு 9 ஏற்றமும் 8 மிதியும் வரும். மிதிகளுக்கு 6 அடி 8 அங்குலமும், மேடைக்கு 3 அடியும் ஆக 9 அடி 8 அங்குல நீளம் தேவை. இவ்விடத்தை அஸ்திவாரம் போடுமுன்னரே ஒதுக்கவேண்டும். ஒதுக்காவிடில் மிதி குறுகும். இறங்குவோர் குதிகால் பதியாது.

படிகள் ஒற்றைப்படையாக வரவேண்டுமென்று விரும்புவோர் பலர். அவர்கள் 126-ஐ 19-ஆல் வகுத்து, ஒவ்வொரு படிக்கும் சற்றேறக்குறைய 6⅝ அங்குலம் வைக்கலாம். எண்ணிக்கைக்காகக் கடைசியில் ஒரு குட்டைப்படியைச் சேர்ப்பது பெரும்பிழை.

ஏனெனில் உயரத்தைவிட முக்கியமானது சமம். இரண்டு மூன்று படி ஏறியதும் கால் அவ்வளவைப் பழகிக்கொள்ளும். பின்னர் கண் பார்ப்பதில்லை. ஒரு படி மாறினால் ஏறுகையில் கால் இடறும். இறங்குகையில் தரை தவறும். இப்பிழை பெரும்பாலும் முதற்படியிலும் கடைசிப்படியிலும் நேரிடுகிறது. எல்லாப் படிகளையும் 7 அங்குலத்தில் வார்த்தபின், கீழும் மேலும் தரைக்கு மட்டும் 2 அங்குலக் கல் பதித்தால், முதற்படி 5 அங்குலமாகச் சுருங்கும். கடைசிப்படி 9 அங்குலமாக உயரும். ஆதலின் கல், சாந்து ஆகியவற்றின் கனத்தையும் சேர்த்து, முடிந்த தரைமட்டத்திலிருந்தே அளக்கவேண்டும்.

சாரம் கட்டுமுன் பக்கச்சுவரில் எல்லாப் படிகளையும் கோடிட்டுக் காட்டுமாறு கொத்தனாரிடம் கேட்டு, வீட்டுக்காரர் தாமே அளவுகோல் வைத்துப் பார்ப்பாராக. சுவரிலிட்ட கோட்டை அழித்து வரையச் செலவில்லை. வார்த்த படியை உடைக்கச் செலவு மிகும். வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் விழுந்தாலோ, அந்நஷ்டத்தைப் பணத்தால் ஈடுசெய்ய முடியாது.