தரங்கம்பாடி: கடலைப் பார்த்த கோட்டை

எதிரே மஞ்சள் வெயிலில் நிற்பது டான்ஸ்போர்க் கோட்டை. மிளகு வாங்க வந்த டேனிஷ்காரர்களுக்குத் தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-இல் இடம் தந்தார். தளபதி ஓவ் கெடே கோட்டையை எழுப்பினார். நாயக்கர் தங்க ஏட்டில் டென்மார்க் மன்னருக்கு எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது.

கீழ்த்தளத்தில் கிடங்கு, சமையலறை, சிறை. மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் வசித்தார்கள். மேலே ஏறியதும் கூரையை அண்ணாந்து பாருங்கள்: ஒட்டகத் திமில்போல் எழும் குவிமாடங்களின் பாரத்தை நடுவிலுள்ள ஒற்றைத் தூண் தாங்குகிறது. சாளரக் காட்சியில் மயங்கிப் பலரும் இதைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள்.

1706-இல் இங்கே கரையிறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் ராஜ வீதியில் உள்ளது. 1845-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு விலைபோனது.

கோட்டையைவிட மூத்தது மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகளில் பாசி வழுக்கும். அவற்றின் மேல் ஏற வேண்டாம்.