கண் சொல்லும் தூரமும் கருவி சொல்லும் தூரமும்

மலையில் தூரம் கேட்டு ஏமாறாதவர் யார்? “இதோ, கூப்பிடு தூரம்தான்!” என்பார் வழி சொல்லுகிறவர். நாமும் நம்பி நடப்போம். ஒரு பள்ளத்தில் இறங்கி, ஒரு மேட்டில் ஏறி, மூச்சு வாங்க நிற்கும்போது திரும்பிப் பார்த்தால், வழி சொன்னவரைக் கூப்பிட்டாலும் அவர் காதில் விழாது. போக வேண்டிய ஊரோ இன்னும் எதிர் மலையில்தான் இருக்கும்!

உதகமண்டலத்துக்கு வடமேற்கே இருக்கும் சோலூர்ப் பக்கம் போனவர்களுக்கு இந்த அநுபவம் புதிதாக இராது. எங்கு பார்த்தாலும் ஒரே பச்சையாகத் தேயிலைச் சரிவு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வீடோ தனி மரமோ கிடைப்பது அரிது. மழை விட்டுக் காற்று தெளிந்திருந்தால் எதிர்ச்சரிவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். மூடுபனி இறங்கினாலோ அதே சரிவு எங்கோ போய்விடும். கண்ணின் மேல் குற்றம் இல்லை. அது பழகியது சமதரைக்கு.

அந்த நாளில் இந்த மலைகளில் வேட்டையாடிய வெள்ளைக்கார துரைமார்கள் வரையாட்டை ‘நீலகிரி ஐபெக்ஸ்’ என்று சொல்லிக்கொண்டு, பாறை விளிம்புகளில் நிற்கும் அந்தப் பிராணியைக் கண் மதிப்பை நம்பியே சுட்டார்கள். இப்போது அந்த வேலையைச் செய்ய உள்ளங்கையில் அடங்கும் லேசர் தூரமானி வந்திருக்கிறது. 1960-ல் அமெரிக்காவில் மைமன் என்பவர் முதல் லேசரை ஒளிரச் செய்தார். அதன் வழியில் பிறந்தது இது. பொத்தானை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்துடிப்பு ஒன்று ஓடிப்போய், எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. 300 மீட்டர் போய்வர ஆகும் நேரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு! நாம் கண் இமைப்பதற்குள் அது ஆயிரக்கணக்கான தடவை போய்வந்துவிடும்.

“எங்கள் வீட்டில் துப்பாக்கியும் இல்லை, வேட்டையும் இல்லை. எங்களுக்கு எதற்கு இது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சுடுவதற்கு இது எவருக்குமே வேண்டாம். வேட்டைக்காரர்களே விழித்துக்கொண்டு 1877-ல் நீலகிரியில் ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். 1879-ல் அதற்கென்று ஒரு சட்டமும் வந்தது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடுமையான தடைகளை விதித்தது. வரையாடு இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு.

ஆனால் சுடாமல் எண்ணுவதற்குத் தூரமானி அவசியம் வேண்டும். சோலூரைத் தாண்டிக் கிளென்மார்கன் பக்கம் போனால் மேட்டு நிலம் திடீரென்று முடிந்து, கீழே முதுமலைக் காடு விரிகிறது. அதுபோன்ற புலிக் காடுகளில் நேர்கோடாகப் பாதை அமைத்து நடந்து, கண்ணில் படும் மான் கூட்டம் எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் நிற்கிறது என்று குறிக்கிறார்கள். அதை வைத்துத்தான் கண்ணில் படாதவற்றையும் கணக்கிடுகிறார்கள். 40 மீட்டரை 60 என்று எங்கும் கூட்டிச் சொல்லிவிட்டால், 100 மான் உள்ள காட்டில் சுமார் 67-தான் இருப்பதாகக் கணக்கு வரும். இல்லாத குறை எழுந்துவிடும். குறைத்துச் சொன்னாலோ உள்ள குறை மறைந்துபோகும். அதுதான் ஆபத்து.

ஆகவே உங்கள் பிள்ளையோ பெண்ணோ காட்டியல் படிக்கப்போய், அல்லது பறவை பார்க்கக் கிளம்பி, இந்தக் கருவி கேட்டால், வாங்குமுன் சில விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, சாய்வுக் கணக்கு. சுவரில் ஏணியைச் சாய்த்து வைத்திருக்கிறீர்கள். ஏணியின் நீளம் வேறு, அதன் காலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி வேறு அல்லவா? மலைச் சரிவிலும் அப்படித்தான். 30 பாகைச் சரிவில் கருவி 300 மீட்டர் என்று காட்டினால், சமதளத் தூரம் 260 மீட்டர்தான். சாய்வை அளந்து இந்த இரண்டையும் காட்டும் கருவியே மலைக்கு உதவும்.

இரண்டாவது, எட்டும் தூரம். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண் பெரும்பாலும் பளபளப்பான பலகைக்குச் சொன்னது. மானின் தோலும் நனைந்த இலையும் ஒளியை அவ்வளவு திருப்பித் தரமாட்டா. பாதி எட்டினாலே திருப்தி அடையலாம்.

மூன்றாவது, பனியும் புதரும். ஒளி மூடுபனியில் பட்டே திரும்பி, பொய்த் தூரம் காட்டிவிடும். முன்னால் உள்ளதைத் தள்ளி, பின்னால் உள்ளதை எடுத்துக்கொள்ளும் வசதி இருப்பது நல்லது. அடர்ந்த பனிக்கு அதுவும் போதாது. விலகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

உருவத்தை ஆறு ஏழு மடங்கு பெரிதாக்கினால் போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். கண்ணுக்குத் தீங்கற்ற முதல் வகுப்பு லேசர் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் எவர் முகத்துக்கும் நேரே பிடிக்க வேண்டாம். மலைக் குளிரில் பாட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். மாற்று ஒன்றைச் சட்டைப்பையில் கதகதப்பாக வைத்துக்கொள்ளட்டும். காட்டுக்குள் போவதற்கு வனத்துறை அநுமதி தேவை என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

கடையில் வெள்ளைச் சுவரைக் காட்டி அளந்து பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். வெளியே வந்து, நாடாவால் 50 மீட்டர் அளந்து, ஒரு கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டுச் சோதியுங்கள். “ஆயிரம் மீட்டர் எட்டும், அம்மா!” என்று கடைக்காரர் சொன்னால், “எதன் மேல் பட்டால்?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பாதி பேரம் அங்கேயே முடிந்துவிடும்.