வீடு கட்டப் போகிறீர்களா? மண்ணையும் ஒரு தடவை கேளுங்கள்

வத்திராயிருப்பு பக்கம் "மண் பரிசோதனை" என்றால், "அதான் மண் வள அட்டை வாங்கியாச்சே!" என்பார்கள். நெல்லும் தென்னையும் விளையும் ஊர், அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த அட்டை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்துக் கணக்கைத்தான் சொல்லும். அதே நிலம் வீட்டின் எடையைத் தாங்குமா என்பது வேறு பரிசோதனை.

2024 ஜூலை முதல் சுயசான்று முறை நடைமுறையில் இருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்தால் கள ஆய்வு இல்லாமலே உடனடி அனுமதி. அலைச்சல் மிச்சம். ஆனால் அனுமதிக்காக யாரும் உங்கள் மனையில் வந்து நிற்கப் போவதில்லை என்பதால், மண்ணைப் பார்க்கும் பொறுப்பு உங்களுடையது.

முதல் வேலையை செல்போனிலேயே முடிக்கலாம். வருவாய்த் துறையின் இணையவழி சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்து 'அ' பதிவேட்டைப் பாருங்கள். நன்செய் என்று இருந்தால், மேலே கொட்டிய கிராவலுக்குக் கீழே வயல் மண் இருக்கிறது என்று அர்த்தம். அஸ்திவாரம் நிரப்பிய மண்ணில் நிற்கக் கூடாது. அதைத் தாண்டிக் கெட்டியான இயற்கை மண்ணுக்குப் போக வேண்டும். "பக்கத்து வீட்டுக்காரர் அஞ்சடிதான் தோண்டினார்" என்பதெல்லாம் கணக்கில் சேராது.

அடுத்தது துளையிட்டுப் பார்ப்பது. 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, மண்ணுக்குள் ஒரு குழாயை இறக்குவார்கள். முதல் 15 சென்டிமீட்டரை விட்டுவிட்டு, அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவார்கள். பத்துக்கும் குறைவான அடியிலேயே இறங்கினால் மண் இளக்கம்.

விருதுநகர் மாவட்டத்தில் இன்னொன்றும் முக்கியம்: கரிசல். மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கும் மண். சலித்த மண் பத்து பத்து கிராமை இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் போட்டு, ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது, தண்ணீரில் உப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் சுவருக்கு வரப்போகும் ஆபத்து. அதிகமாக உப்பினால், அடியில் குமிழ் வைத்த பைல் அஸ்திவாரத்தைப் பொறியாளர் பரிந்துரைப்பார்.

2014 ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது மண் பரிசோதனை பற்றி ஊரே பேசியது. சின்ன வீடுகள் பெரும்பாலும் அப்படிச் சரிவதில்லை. ஜன்னல் மூலையில் விரிசல், திறக்காத கதவு என்று வருஷக்கணக்கில் செலவு வைக்கும். அதனால்தான் செய்தியாவதில்லை.

அறிக்கை கைக்கு வந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்த ஆழத்தில் எவ்வளவு தாங்குதிறன், உப்பும் தன்மை, நிலத்தடி நீர்மட்டம். தூத்துக்குடி, ராமேஸ்வரம் போன்ற கடலோர ஊர்களில் குளோரைடு, சல்பேட் அளவையும் கேட்க வேண்டும். உப்பு நீர் கம்பியை அரிக்கும். நீர்மட்டம் பார்த்த தேதியும் அறிக்கையில் இருக்கட்டும். மே மாதத்தில் பார்த்த மட்டம், ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பிய பிறகு இருக்காது.